அருவிக்கரைக் கூட்டமும் எச்.ஐ.வி. கணக்கும்

சாரல் காலத்தில் குற்றால அருவிக்கரையில் நிற்போரை எண்ணி, தென்காசியின் மக்கள்தொகையைச் சொல்ல முடியுமா? முடியாது. அவர்களுள் பலர் வெளியூரார் அல்லவா?

எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்வோரைக் கணக்கிடுவதிலும் இச்சிக்கல் உண்டு. இந்தியாவில் இக்கிருமி 1986-இல் சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் அரசு மருத்துவமனைகளுக்கு வரும் கர்ப்பிணிகள் முதலிய சில பிரிவினரின் இரத்தத்தைப் பெயர் குறிக்காமல் சோதித்து, நாடு முழுமைக்கும் மதிப்பிட்டனர். 50 லட்சத்துக்கும் மேல் என வந்தது. 2005-06-இல் வீடுவீடாகவும் மாதிரி எடுத்தனர். அதையும் சேர்த்து 2007-இல் திருத்திய மதிப்பீடோ சுமார் 25 லட்சம்தான்!

நோய் திடீரெனப் பாதியாகிவிடவில்லை; எண்ணும் முறையே திருந்தியது. ஆனால் வீட்டுக் கணக்கில், ஊர் ஊராகச் செல்லும் லாரி ஓட்டுநர்கள் விடுபடலாம். ஆகவே இரு முறைகளும் தேவை. கணக்குச் சரியானால்தான் மருந்தும் உரிய இடத்தைச் சேரும்.