லயத்து வாசலிலும் ஆர்க்கிட் மலரும்

சம்பள நாளன்று பட்டணத்துக்குச் செல்லும் தோழர்கள் சிலர், பூத்துக் குலுங்கும் ஆர்க்கிட் செடியைக் கண்டு ஆசையோடு வாங்கி வருகின்றனர். வாசலில் வைத்துக் காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகின்றனர். சில வாரங்களில் பூக்கள் உதிர்கின்றன. அடுத்த சில மாதங்களில் வேர் அழுகி, இலை மஞ்சளாகிச் செடியே மடிந்துவிடுகின்றது. "இது பணக்காரர் வீட்டுச் செடி, நமக்கு ஒத்து வராது" என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர்.

உண்மை அதுவன்று. அச்செடி பெரும்பாலும் கவனக் குறைவால் மடிவதில்லை. அளவு மீறிய தண்ணீரால்தான் மடிகின்றது. ஆர்க்கிட் எவ்வாறு வாழும் செடி என்பதை அறிந்துகொண்டால், பெருஞ்செலவின்றி எந்த லயத்து வாசலிலும் அதனைப் பூக்க வைக்கலாம்.

மரத்தின் மேல் வாழும் செடி

சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களிலும் பழைய மாமரங்களிலும் கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் ஒரு செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் அதனை 'அங்கிரிக் மெர்பாத்தி', அதாவது புறா ஆர்க்கிட் என்பர். பெருமழை பெய்து காற்று திடீரெனக் குளிர்ந்தால், ஏறத்தாழ ஒன்பதாம் நாள் அவ்வட்டாரத்துப் புறா ஆர்க்கிட்டுகள் எல்லாம் ஒரே நாளில் வெள்ளை வெளேரென்று பூக்கும்; ஒரே நாளில் வாடியும் விடும்.

அச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார்? மண் அணைத்தவர் யார்? ஒருவருமில்லை. அது மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணியும் அன்று. மரம் அதற்கு வெறும் இருப்பிடமே. மழை நீரையும், மரப்பட்டையில் தங்கும் இலைச் சருகின் சத்தையும் கொண்டே அது வாழ்கின்றது.

அதன் வேரைக் கவனித்தால் காரணம் விளங்கும். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை ஒன்று உண்டு. மழை பட்டதும் அவ்வுறை நீரை உறிஞ்சிப் பச்சை நிறமாகும். காற்றில் உலர்ந்ததும் மீண்டும் வெள்ளி நிறமாகும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நிகழ வேண்டும். எந்நேரமும் ஈரத்தில் கிடக்கும் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். மரத்தில் வாழும் ஆர்க்கிட்டைச் சாதாரண மண்ணில் நடக்கூடாது என்பதும் இதனாலேயே.

தொட்டியும் தண்ணீரும்

தொடங்குவோருக்கு ஏற்றது டென்ட்ரோபியம் வகை. நம் நாட்டுத் தாழ்நிலப் பகுதியின் வெப்பம் அதற்கு நன்கு ஒத்துப்போகும். பக்கங்களிலும் அடியிலும் துளைகள் உள்ள சிறிய மண்தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் விரலளவு அடுப்புக்கரித் துண்டுகளையும் உடைந்த செங்கல் துண்டுகளையும் நிரப்புங்கள். செடி அசையாதபடி ஒரு குச்சியில் கட்டி, வேர்கள் மட்டும் கரியைத் தொடுமாறு நிறுத்துங்கள். பெரிய தொட்டி வேண்டா. அதில் ஈரம் நெடுநேரம் தங்கிவிடும்.

தண்ணீரைக் காலையில் ஊற்றுவதே நலம். வேர் வெள்ளி நிறமாக இருந்தால் ஊற்றுங்கள்; பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். மழை பெய்த நாளில் ஊற்ற வேண்டுவதில்லை. மாலையில் ஊற்றினால், இலை இடுக்கில் இரவெல்லாம் நீர் தங்கி, குருத்தழுகல் நோய்க்கு வழி உண்டாகும்.

டென்ட்ரோபியத்தின் தடித்த தண்டு, நீரையும் உணவையும் சேர்த்து வைக்கும் களஞ்சியமாகும். இலை உதிர்ந்த பழைய தண்டை, 'பட்டுப் போயிற்று' என்று வெட்டி எறிதல் தவறு. அது பச்சையாக உள்ளவரை புதிய தளிருக்கு உணவளிக்கும். சில வேளைகளில் மீண்டும் பூக்கவும் செய்யும்.

செடி தழைத்தும் பூக்காதது ஏன்?

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஒளிக் குறைவே. இலையின் நிறத்தைப் பாருங்கள். கரும்பச்சையாக இருந்தால் ஒளி போதவில்லை. மஞ்சள் பாய்ந்து கருகல் திட்டுகள் காணப்பட்டால் வெயில் மிகுதி. இளம்பச்சையாக இருப்பதே சரியான அளவு. டென்ட்ரோபியத்துக்குக் காலை வெயிலும், நண்பகலில் தென்னையோலை நிழல் போன்ற அரை நிழலும் பொருந்தும். கூரைக்கடியில் இருட்டான மூலையில் வைத்தால், இலைதான் மிஞ்சும்.

உரத்தைக் குறைவாகவும் அடிக்கடியும் இடவேண்டும். கடையில் விற்கும் ஆர்க்கிட் உரத்தை, உறையில் குறித்துள்ள அளவில் பாதியாகக் கரைத்து, வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். தளிர் வளரும் பருவத்தில் தழைச்சத்து மிகுந்த உரமும், தண்டு முதிர்ந்தபின் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மிகுந்த உரமும் ஏற்றவை. ரப்பர் மரத்துக்கு இடும் குருணை உரத்தைத் தொட்டியில் கொட்டினால் வேர் கருகிவிடும்.

வீட்டுத் தோட்டத்தில் பிறந்த புகழ்

ஆர்க்கிட்டுக்குப் புகழ் தேடித் தந்தவர்களுள் வீட்டுத் தோட்டக்காரரும் உண்டு. சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் பெண்மணியின் தோட்டத்தில் தோன்றிய கலப்பின ஆர்க்கிட் ஒன்று, 1893ஆம் ஆண்டு அங்குள்ள தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியின் பார்வைக்கு வந்தது. மரத்துக்குக் கேடு விளையாதவாறு பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தவரும் இதே ரிட்லிதான். 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' எனப் பெயர் பெற்ற அம்மலரின் தாய்தந்தையருள் ஒன்று, நமது பேராக் மாநிலத்துக் கிந்தா வட்டாரச் சதுப்பு நிலத்தில் களை போல் மண்டிக் கிடந்த செடியாகும். 1981ஆம் ஆண்டு அம்மலர் சிங்கப்பூரின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

அச்செடி பரவியது விதையால் அன்று. தண்டை வெட்டி நட்டதாலேயே. வேர் விட்ட நுனித் தண்டு ஒன்றைப் பெற்று, முழு வெயிலில் ஒரு கம்பத்தில் கட்டி வைத்தால் போதும். கம்பத்தை மீறி நுனி எழும்பியதும் பூக்கத் தொடங்கும். டென்ட்ரோபியத்தின் தண்டில் முளைக்கும் கன்றையும், வேர் சில அங்குலம் நீண்டபின் பிரித்து நடலாம். ஆதலால் விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. செடி வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பெறலாம். வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பில் காட்டிக்கொள்ளுங்கள். நோயுற்ற செடியின் சாறு கத்தியில் ஒட்டியிருந்தால் நச்சுயிரி அடுத்த செடிக்கும் பரவும்.

செய்யத் தகாதவை இரண்டு

முதலாவது, காட்டு ஆர்க்கிட்டைப் பெயர்த்து வராதீர்கள். ஆர்க்கிட்டின் ஒரு காயில் தூசு போன்ற விதைகள் இலட்சக் கணக்கில் இருக்கலாம்; ஆனால் அவற்றில் உணவுச் சேமிப்பு இல்லை. ஏற்ற பூசணம் ஒன்று துணை செய்தாலன்றிக் காட்டில் அவை முளைத்து வளரா. முளைத்தவையும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒரு நாளில் பெயர்த்த செடியின் இடம் எளிதில் நிரம்பாது. அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சேர்க்கப்பட்டிருப்பதும் இக்காரணம் பற்றியே. நாற்றுக்கூடங்களில் பெருக்கப்பட்ட கலப்பினங்கள், வீட்டில் எளிதாகவும் வளரும்.

இரண்டாவது, தொட்டிக்கடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய நீர் வேரை அழுகச் செய்வதோடு ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும். முட்டையிலிருந்து பொரிந்த புழு ஏறத்தாழ ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். மங்கிலும் சிரட்டையிலும் நீர் தேங்கினால் டிங்கிக் காய்ச்சல் வரும் என்பதை நாம் அறிவோம், பூந்தட்டும் அத்தகையதே. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டில் கொசு பெருக இடம் தருவது குற்றமுமாகும். குழந்தைகள் உறங்கும் வீட்டில் மலரின் பெயரால் காய்ச்சல் நுழைய இடமளிக்கலாகாது.

ஒரு தொட்டியோடு தொடங்குங்கள். வேரின் நிறம் பார்த்துத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பள்ளி செல்லும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். எப்போது ஊற்ற வேண்டும் என்பதோடு, எப்போது ஊற்றக் கூடாது என்பதையும் அப்பிள்ளை கண்ணால் கண்டு கற்றுக்கொள்ளும். புதுத்தண்டு முதிர்ந்து அரும்பு விட மாதங்கள் பல ஆகலாம். ஆயினும் மலர்ந்த டென்ட்ரோபியம் கொத்து பல வாரங்கள் வாடாமல் நிற்கும். பொழுது விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டு, களைத்துத் திரும்பும் உழைப்பாளியை அம்மலர் வாசலிலேயே வரவேற்கும்.