குறைமாவு உணவில் ‘அதிகமாகச் சாப்பிடுகிறோமோ’ என்னும் அச்சம்

ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் அண்மையில் எங்கள் புறநோயாளர் பிரிவிற்கு வந்தார். விருத்தாசலத்தின் பீங்கான் கூடமொன்றில் பணிபுரிபவர்; நீரிழிவுக்குச் சில ஆண்டுகளாக மாத்திரை உட்கொள்பவர். உறவினர் சொற்கேட்டு மூன்று வாரங்களாகச் சோறு, இட்லி, தோசை அனைத்தையும் விடுத்துப் ‘பேலியோ’ உணவுக்கு மாறியிருந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதில் ஒவ்வொரு முட்டையும் கணக்கெழுதப்பட்டிருந்தது. “காலையில நாலு முட்டை சாப்பிட்டும் பதினோரு மணிக்கே பசிக்குதுங்க டாக்டர். ரொம்பத் தின்னுடுறேனோன்னு பயமா இருக்கு” என்றார். அந்த அச்சத்தால் மதிய உணவையும் பாதியாகக் குறைத்திருந்தார். முந்தைய நாள் சூளையருகே வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு அமர்ந்துவிட்டார். உடன் பணிபுரிபவர் நீட்டிய இனிப்புத் தேநீரையும் ‘சர்க்கரை கூடாது’ என்று மறுத்திருக்கிறார்.

இவ்வச்சத்துடன் வருவோர் இப்போது பலர். நியாண்டர் செல்வன் போன்றோரின் எழுத்துகளாலும் முகநூல் குழுக்களாலும் கடந்த பத்தாண்டுகளில் பேலியோ என்னும் சொல் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை சென்றுவிட்டது. அவ்வுணவுமுறையை நாங்கள் இங்குப் பழிக்கவும் இல்லை, போற்றவும் இல்லை. அதனை மேற்கொள்வோர் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதே எங்கள் பொருள்.

முதலில் அந்த நான்கு முட்டைகளைப் பார்ப்போம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 75 கலோரி, நான்கிற்கு 300. நம் வீடுகளில் ஒரு வேளைக்குப் பரிமாறப்படும் சோறு 300 கிராம் எனக் கொண்டால், குழம்பையும் பொரியலையும் சேர்க்காமலே அது 390 கலோரி. அவர் ‘அதிகம்’ என்று கலங்கிய உணவு, அவர் விட்டொழித்த ஒரு தட்டுச் சோற்றினும் குறைவானதே.

2005-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வொன்று இதற்குப் பொருத்தமானது. உடல் பருமனும் நீரிழிவும் உடைய 10 பேருக்கு, நாளொன்றுக்கு 21 கிராம் மாவுச்சத்து மட்டும் கொண்ட உணவு 14 நாள்கள் அளிக்கப்பட்டது. புரதமும் கொழுப்பும் விரும்பிய அளவு உண்ணலாம். ஆயினும் அவர்கள் தாமாகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி குறைவாக உண்டனர். எல்லாருக்கும் இவ்வாறே நிகழும் என்று கூறிவிட இயலாது. 2021-இல் வெளியான வேறோர் ஆய்வில், 20 பேர் குறைமாவு உணவில் உண்டதைக் காட்டிலும் குறைகொழுப்புத் தாவர உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாக உண்டனர்.

அடுத்தது எடைக் கருவி. முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று மகிழ்வோர், ஒரு திருமண விருந்திற்கு மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறிவிட்டது என்று கலங்கி வருவர். இந்நகரத்தாருக்கு இதனை விளக்குவது எளிது. அச்சில் வார்த்த பச்சைக் களிமண் பொம்மை காயும்போது எடை குறைகிறது. மண் குறைவதில்லை, நீரே வெளியேறுகிறது. நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்துச் சேமிப்பு உள்ளது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் தங்குகிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் அந்நீர் விரைந்து வெளியேறும். ஒரு வேளை சோறு உண்டால் திரும்பி வரும். ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. அது ஒரே நாளில் சேர வேண்டுமெனில் வழக்கமான உணவுக்கு மேல் 20 தட்டுச் சோறு உண்ண வேண்டும். எந்த விருந்திலும் அது நடவாது.

ஆனால் அளவு பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு; அது நம் ஊர்ச் சிறப்போடு தொடர்புடையது. இங்குள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வி.ஆர்.ஐ. என்னும் பெயரில் நிலக்கடலை, முந்திரி இரகங்கள் வெளிவந்துள்ளன. இரண்டும் நம் வீடுகளில் எளிதாகக் கிடைப்பவை. பேலியோ முறையில் காலை உணவாக 100 பாதாம் பருப்பு என்பது பலரும் அறிந்த கணக்கு. அதுவே ஏறத்தாழ 700 கலோரி. ஒரு முழு வேளைக்கு ஈடு. பாதாம் விலை கட்டுப்படியாகாதவர்கள் முந்திரிக்கு மாறுகிறார்கள். 100 கிராம் முந்திரியில் 550 கலோரியுடன் 30 கிராம் மாவுச்சத்தும் உள்ளது. உணவுக்குப் பதிலாக அன்றி, உணவுக்குப் பின் தொலைக்காட்சி முன் கொறிக்கும் பருப்பே எடை குறையாமைக்குக் காரணமாவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். முட்டையை எண்ணுவோர் முந்திரியை எண்ணுவதில்லை.

இனி அப்பெண்மணியின் பதினோரு மணிப் பசிக்கு வருவோம். அது பேராசையும் அன்று, மனவுறுதிக் குறைவும் அன்று. அவர் உட்கொண்டது கிளிமிபிரைடு. சோறு உண்ட காலத்தில் கொடுத்த அதே அளவு. உணவில் மாவுச்சத்து இல்லாதபோதும் அம்மாத்திரை இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். இரத்தச் சர்க்கரை தாழும்போது உடல் எழுப்பும் முதல் குரல்களுள் ஒன்று பசி. பின்னர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம். இன்சுலின் ஊசி போடுவோருக்கும் இது பொருந்தும். இப்பசி வந்தால் உடனே இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தாலோ, பார்க்கக் கருவி இல்லாவிட்டாலோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அந்நேரத்தில் சர்க்கரை மருந்து. உணவுமுறை கெட்டுவிடும் என்று தயங்காதீர்கள். நினைவு தவறியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகிய மாத்திரைகளை உட்கொள்வோர் எங்களிடம் கூறாமல் இவ்வுணவுக்கு மாறவே கூடாது. இரத்தச் சர்க்கரை பெரிதும் உயராமலே கீட்டோன் அமிலம் பெருகக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு தோன்றினால் அன்றே வர வேண்டும். சிறுநீரகக் குறைபாடு உள்ளோர் புரத அளவைக் கேட்டறிந்த பின்னரே தொடங்க வேண்டும். சூளையருகே பணிபுரிவோருக்கு இன்னொன்று: மாவுச்சத்து குறையும்போது சிறுநீரில் உப்பும் நீரும் கூடுதலாக வெளியேறும், வியர்வையிலும் வெளியேறும். இவற்றோடு இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போதே தலை சுற்றும். அம்மாத்திரையின் அளவையும் நாங்கள் பார்க்க வேண்டும்.

சோற்றை முற்றாக விட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். இந்தியர் 18,090 பேரின் உணவுத் தரவுகளைக் கொண்டு ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வுக்குழு 2022-இல் வெளியிட்ட கணிப்பு, புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டோருக்கு மொத்தக் கலோரியில் ஏறத்தாழ பாதி மாவுச்சத்தும், ஐந்தில் ஒரு பங்கு புரதமும் போதும் என்கிறது. சோற்றைக் குறைத்துப் பருப்பு, முட்டை, மீன், கீரை ஆகியவற்றைக் கூட்டுவதே பெரும்பாலோருக்கு இயலும் வழி என்பது எங்கள் கருத்து.

அப்பெண்மணிக்கு மாத்திரையின் அளவைக் குறைத்தோம். மதியம் ஒரு கரண்டிச் சோறும் சேர்த்தோம். இரு வாரங்கள் கழித்து வந்தபோது அவர் நோட்டில் முட்டைக் கணக்கு இல்லை. காலையும் மாலையும் பார்த்த இரத்தச் சர்க்கரை அளவுகள் இருந்தன. நான்கு முட்டைகளை அவர் குறைக்கவில்லை. நாங்களும் குறைக்கச் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பையில் சிறு சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை வைத்திருப்பதை எடுத்துக் காட்டினார்.