வாளி பெரிதானால் பால் பெருகுமா?



மடிக்கணினி இன்று எளியோர் இல்லங்களிலும் பாடநூலைப் போல் இடம்பெற்றுவிட்டது. அது மெல்ல இயங்கத் தொடங்கியதும், "நினைவகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்று எவரேனும் சொல்வர். நாமும் பணத்துடன் கடைக்கு ஓடுவோம். அச்செலவு எப்பொழுது பயன் தரும், எப்பொழுது வீணாகும் என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நினைவகம் யாதென அறிவோம். உங்கள் பாட்டிமார் பால்மரம் வெட்டிய நாளை எண்ணிப் பாருங்கள். மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்ப்பர்; வாளி நிறைந்ததும் ஸ்டோருக்குச் சுமந்து செல்வர். கணினியின் நினைவகம் அந்த வாளி. வட்டு அந்த ஸ்டோர். வாளி சிறியதாயின் அடிக்கடி நடக்க நேரும். கணினியும் அவ்வாறே, நினைவகம் நிறைந்ததும் அதிலுள்ளவற்றை வட்டில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்பொழுது திரும்ப எடுத்து வருகிறது. அந்த அலைச்சலே தாமதம். ஆனால் வாளி பாதிதான் நிறைகிறதென்றால், அதனினும் பெரிய வாளி வாங்குவதால் ஒரு சொட்டுப் பாலும் கூடாது.

சென்ற பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் வாழும் என் தமக்கையார் மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். 2020 ஏப்ரல் 8 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகள் வீட்டிலிருந்தே கற்கும் முறைக்கு மாறியபோது, தம் மகனுக்கென அவர் வாங்கிய மடிக்கணினி தளர்ந்து போயிருந்தது. "மாமா, மாதாமாதம் மிச்சம் பிடித்த பணம் இருக்கிறது. நினைவகத்தை இரட்டிப்பாக்கிவிடலாமா?" என்று கேட்டார்.

"முதலில் அளந்து பார்ப்போம், அம்மா" என்றேன்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், விண்டோஸ் கணினியில் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். பையனை வழக்கம்போல் பாடவேலை செய்யச் சொல்லி, அதனைக் கவனித்தோம். 8 கிகாபைட் நினைவகத்தில் 5 கூட நிறையவில்லை. வட்டோ இடைவிடாது நூறு விழுக்காட்டில் நின்றது! அது சுழலும் பழைய வகை வட்டு. வாளியில் குறையில்லை, ஸ்டோருக்குச் செல்லும் பாதைதான் சேறாகிக் கிடந்தது.

மறுநாள் ரயிலேறி, லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள ரோச்சோர் நிலையத்தில் இறங்கி, சிம் லிம் ஸ்குவேருக்குச் சென்றோம். பையனின் கோப்புகளை முன்னரே படியெடுத்து வைத்திருந்தமையால், பழைய வட்டை நீக்கி, சுழலும் பாகமற்ற 'எஸ்.எஸ்.டி.' வட்டைப் பொருத்தச் செய்தோம். பேரப்பையன், "தாத்தா, புதுக் கணினி மாதிரி இருக்கிறது!" என்று துள்ளினான்.

ஆனால் நினைவகம் கூட்டுவதே வீண் என எண்ணிவிடாதீர்கள். நம் பள்ளி அலுவலகக் கணினியில் 4 கிகாபைட்டே இருந்தது. மதிப்பெண் பட்டியலையும் இரண்டு மூன்று இணையப் பக்கங்களையும் திறந்ததும், நினைவகம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியது. இரண்டாம் பொருத்திடம் காலியாக இருந்தது. அதில் இன்னொரு 4 கிகாபைட் சேர்த்தோம்; வேலை விரைந்தது. அங்கு வாளிதான் குறை.

ஆகவே, வாங்குமுன் நான்கு வினாக்களை எழுப்புங்கள்.

முதலாவது, அன்றாட வேலையின்போது நினைவகம் உண்மையில் நிறைகிறதா?

இரண்டாவது, கூடுதல் நினைவகத்தை ஏற்கக் கணினியில் இடமுண்டா? மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற இயலாது.

மூன்றாவது, எவ்வகை நினைவகம்? டி.டி.ஆர். 3, 4, 5 என்பன ஒன்றினிடத்தில் ஒன்று பொருந்தா. இதனை அறியாமல் ஒருமுறை நானே தவறான வகையை வாங்கிப் பணத்தை இழந்தேன்.

நான்காவது, கணினிக்கு இன்னும் ஆயுள் உண்டா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கு 4 கிகாபைட் நினைவகமே குறைந்த அளவு எனினும், பழைய செயலிகள் பலவற்றை அது ஏற்பதில்லை. நினைவகம் எவ்வளவு சேர்த்தாலும் அத்தடை நீங்காது.

மேலும், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் பெருமளவில் வாங்கியமையால், 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. இந்நிலையில், அளந்து பாராது வாங்குவோர்க்கு இழப்பு இன்னும் மிகுதி.

பெற்றோர்களே, உழைத்துச் சேர்த்த வெள்ளியைப் பிறர் சொல்லை மட்டும் நம்பிச் செலவிடாதீர்கள். மாணவர்களே, அந்த மூன்று விசைகளை அழுத்த உங்கள் விரல்களே போதும். இன்றே அழுத்திப் பார்த்து, கண்டதனைப் பெற்றோரிடம் எடுத்துரையுங்கள். நோயறிந்த பின்னரே மருந்து. குறையறிந்த பின்னரே செலவு.

— தலைமையாசிரியர்