மருந்துக்குத் தப்பிய சிலந்திப் பேன்

வா, குட்டி விஞ்ஞானியே! "ரோஜாவுக்கு மருந்து அடித்தும் இந்தப் பூச்சி ஏன் சாகவில்லை?" என்று கேட்டாயே, அருமையான கேள்வி. பெரியவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. நேரே கடைக்குப் போய் இன்னொரு புட்டி வாங்கி வந்துவிடுகிறார்கள்!

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். புள்ளி புள்ளியாய் வெளுத்த ரோஜா இலை ஒன்றை வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்துத் தட்டு. தூசு விழும். அந்தத் தூசு நகர்ந்தால், அதுதான் சிலந்திப் பேன். நீளம் அரை மில்லிமீட்டர்தான். லென்ஸ் வைத்துக் கால்களை எண்ணு. எட்டு! அப்படியானால் இது பூச்சி இல்லை, சிலந்திக்குச் சொந்தம். குஞ்சுக்கு மட்டும் ஆறு கால், பார்த்துக் குழம்பிவிடாதே. இலையின் அடியில் மெல்லிய நூல் பின்னிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும்.

சரி, இப்போது மருந்து. "பேனுக்கு மருந்து பழகிப்போச்சு" என்று சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்தப் பேனும் எதற்கும் பழகவில்லை.

ஒரு தோட்டத்துப் பேன் கூட்டத்தில் பிறவியிலேயே கொஞ்சம் வேறுபட்டவை ஒன்றிரண்டு இருக்கலாம். நஞ்சை உடைக்கும் நொதி அவற்றின் உடலில் கூடுதலாக இருக்கும். அல்லது மருந்து போய் ஒட்டவேண்டிய இடம் சற்றே மாறியிருக்கும். மருந்து அடித்ததும் மற்றவை செத்துப்போகும், இவை மிஞ்சும். வீட்டில் மாவு சலிப்பதைப் பார்த்திருப்பாய். சல்லடை குருணையை உண்டாக்குவதில்லை. முன்பே இருந்ததைப் பிரித்துக் காட்டுகிறது. மருந்து செய்வதும் அதுதான்.

புரிகிறதா? இல்லையென்றால் இன்னொரு முறை படி. நான் காத்திருக்கிறேன்.

மிஞ்சியவை சும்மா இருக்குமா? ஒரு தாய்ப் பேன் நூறு முட்டைகூட இடும். நல்ல வெயில் காலத்தில் ஒரு வாரம் பத்து நாளில் அந்த முட்டை வளர்ந்த பேனாகிவிடும்.

இன்னொரு வேடிக்கை கேள். ஆண் பேனுக்கு அப்பாவே கிடையாது! துணை சேராத பெண் இடும் முட்டையிலிருந்தும் குஞ்சு வரும், அத்தனையும் ஆண்கள். உன் ஜீன்களில் பெரும்பாலானவை அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று என இரண்டிரண்டாக இருக்கின்றன. ஆண் பேனிடம் அம்மா தந்த ஒன்று மட்டுமே. மருந்தைத் தாங்கும் ஜீன் அந்த ஒன்றில் இருந்தால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான். தன் மகள்கள் அத்தனை பேருக்கும் அதைக் கொடுத்தும்விடுவான்.

இந்த வேகத்தால்தான் 90-க்கும் மேற்பட்ட மருந்துகளைத் தாங்கும் பேன்களை உலகின் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். 2011-இல் இதன் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்தபோது, நஞ்சை உடைக்கும் ஜீன்கள் ஏராளமாக இருந்தன. அதற்குக் காரணம் இருக்கிறது. இது 1000-க்கும் மேற்பட்ட செடிவகைகளைத் தின்னும். செடிகளும் லேசுப்பட்டவை அல்ல, தங்களைக் காத்துக்கொள்ள இலையில் நஞ்சு வைத்திருக்கும்.

ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களில் பேனைக் கழுவிவிட மழையும் வராது. அங்கே ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும் என்று நீயே சொல்லிவிடுவாய். மாற்றி மாற்றி அடிக்கவேண்டும். ஆனால் புட்டியின் பெயர் மாறினால் போதாது. உள்ளே இருப்பது பேனின் உடலில் வேறு இடத்தைத் தாக்குவதாக இருக்கவேண்டும்.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1958-இல் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளோடு ஒரு வேட்டைக்காரப் பேன் தற்செயலாகப் போய்ச் சேர்ந்தது. பெயர் பைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ். ஆரஞ்சு நிறம், நல்ல ஓட்டம். இலையைத் தொடாது, சிலந்திப் பேனையும் அதன் முட்டையையும்தான் தின்னும். இன்று பல நாடுகளில் இதை வளர்த்து விற்கிறார்கள். வாங்கி விட்ட பிறகு கண்ட மருந்தையும் அடிக்கக்கூடாது. வேட்டைக்காரர் செத்து, சிலந்திப் பேன் பிழைத்துக்கொள்ளும்!