மூன்று வாசல் வைத்த நெல் வீடு

சிதம்பரத்தில் பஸ் ஏறி, கொள்ளிடம் தாண்டி, மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாகப் பாபநாசத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே திருப்பாலைத்துறை. அங்கே கோயில்கொண்டிருக்கும் பாலைவனநாதர் கோபித்துக்கொள்ள மாட்டார். முதலில் அவர் கோயில் வளாகத்தில் நிற்கும் அந்தப் பூதாகாரத்தைப் பாருங்கள்! வட்டச் சுவர், தலையில் கூம்பு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை நாயக்கர்கள் செங்கல்லால் எழுப்பிய நெற்களஞ்சியம். உயரம் சுமார் 36 அடி. கொள்ளளவு 3,000 கலம். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்றால் 36,000 மரக்கால்! அளந்து போட்டவரின் தோள்பட்டை என்ன கதியாகியிருக்கும்?

வாசலைக் கவனித்தீர்களா? ஒன்றல்ல, மூன்று. கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று. நெல் மட்டம் ஏற ஏறக் கொட்டுகிற வாசலும் மேலே போகும்.

வட்டம் எதற்கு? நெல் சும்மா கிடக்காது. சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். சதுரமாகக் கட்டினால் சுவர் நடுவில் பிதுங்கும், மூலை விரியும். வட்டத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரே தள்ளல்தான். இன்னொரு வேடிக்கை கேளுங்கள்: குவித்த தானியத்தின் எடை முழுக்கத் தரையில் இறங்காது, உரசிக்கொண்டே ஒரு பங்கைச் சுவர் வாங்கிக்கொள்ளும். யான்சென் என்ற ஜெர்மானியர் இதற்குக் கணக்கு எழுதியது 1895இல். நம் கொத்தனார் அதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்னாலேயே பூசி முடித்துக் கூலி வாங்கிப் போய்விட்டார்.

சரி, கதிரடிக்கும் கூடம் எங்கே? நம் பக்கம் அது கிடையாது! இங்கிலாந்தில் கிரேட் காக்ஸ்வெல் என்ற ஊரில், 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு கிறித்தவ மடத்துக்காகக் கட்டிய தானியக் கூடம் இன்றும் நிற்கிறது: கல் சுவர், கல் பீடங்களின் மேல் ஓக் மரத் தூண்கள், 152 அடி நீளம். அந்த நாட்டுக் கூடங்களில் எதிரெதிரே பெரிய கதவு வைப்பது வழக்கம். நடுவில் கதிரடித்தால் குறுக்கே ஓடும் காற்று பதரை அள்ளிப் போகும். மழைக்குப் பயந்து செய்த ஏற்பாடு. இங்கே கடலூர், சிதம்பரம் பக்கமோ சம்பா அறுவடை தை, மாசியில், வானம் வெளுத்திருக்கும். சாணம் மெழுகிய களம், கட்டடி, மாடு கட்டிப் போரடி, முறத்தை உயர்த்திச் சரித்தால் பொலி ஒரு பக்கம், பதர் ஒரு பக்கம். காற்றுக்கு வேலை வெளியில். சுவருக்கு வேலை அதற்கப்புறம்தான்.

மரவேலைக்கு வீட்டுக்குள் வரவேண்டும். நெல் கொட்டி வைக்கும் பத்தாயம்! பலகைப் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் மூடி, அடியில் கையகலத் திறப்பு. தேவைப்பட்டால் அடுக்கடுக்காகக் கழற்றிவிடலாம். அடியில் தங்கும் கடைசி நெல்லை வாரத்தான் பெரியவர்களுக்கு உடம்பு இடம் கொடுக்காது. வீட்டிலேயே ஒல்லியான பையனாகப் பார்த்து மேலிருந்து இறக்கிவிடுவார்கள். சுணை பிடுங்கும், தும்மல் அடுக்கும். அப்படியும் அந்த வேலைக்குப் போட்டி இருந்தது.