எஃகு நிலைக்கும், ரப்பர் நொறுங்கும்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியின் இலக்குத் தாளில் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். வளையங்கள் அனைத்தும் சேர்ந்த முழு இலக்கே 45.5 மில்லிமீட்டர்தான். சுடப்படும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்பதால், அதன் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து மதிப்பெண் கிடைத்துவிடும். அதாவது, குண்டின் மையம் 2.5 மில்லிமீட்டர்வரை விலகலாம். சலுகை தாராளமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு மீட்டர் நீளமுள்ள துப்பாக்கியின் முனை கால் மில்லிமீட்டர் விலகினால், பத்து மீட்டருக்கு அப்பால் அது 2.5 மில்லிமீட்டராகிவிடும். அதற்கு மேல் இம்மியளவு நகர்ந்தாலும் பத்து போய்விடும்.

இந்தத் துல்லியத்தை வெறும் ஸ்பிரிங்கையும் பிஸ்டனையும் வைத்துக்கொண்டு எட்டிப் பிடித்தவை 1960, 70-களின் ஜெர்மன் ஏர் ரைஃபிள்கள். அவற்றில் பல இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இன்றும் பத்தைத் தொடுகின்றன. பழையதை வாங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, “எத்தனை வருஷம் ஆச்சு? எவ்வளவு சுட்டிருப்பாங்க?” என்பதுதான். இவ்வகைத் துப்பாக்கியில் அந்தக் கேள்விக்குப் பெரிய பொருளில்லை. குழலும் சிலிண்டரும் விசையும் ஐம்பது ஆண்டுகளில் தேய்ந்து போவதில்லை. கெட்டுப்போவது உள்ளே இருக்கும் சில ரூபாய் பெறுமான ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். அது சுடாமல் பெட்டிக்குள் கிடந்தாலும் கெடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

மெரினா கடற்கரையில் பலூன் சுடத் தரும் துப்பாக்கியும் அடிப்படையில் இதே இயந்திரம்தான். நெம்புகோலை இழுத்தால் பிஸ்டன் பின்னால் சென்று ஸ்பிரிங்கை அழுத்தி, கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தினால் கொக்கி விடுகிறது. பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து சிலிண்டரில் உள்ள காற்றைச் சுருக்குகிறது. அந்தக் காற்று குண்டைத் தள்ளுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைப் பார்த்திருப்போம். இங்கே அதே வேலை நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுவதால் காற்றின் வெப்பம் சில நூறு டிகிரிக்கு ஏறுகிறது. பராமரிப்பைப் பற்றிப் பேசும்போது இந்த வெப்பம் மறுபடியும் குறுக்கே வரும்.

சிக்கல் பிஸ்டனின் எடையில் இருக்கிறது. கனமான எஃகுத் துண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. சிலிண்டரின் முனையில் சுருங்கிய காற்று பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும்போது துப்பாக்கி முன்னால் துள்ளுகிறது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது குண்டு இன்னும் குழலை விட்டுப் போகவில்லை. வெடிமருந்துத் துப்பாக்கியில் உதை ஒரு திசையில் மட்டும் வரும்; இதில் இரண்டு திசையிலும் வருகிறது. பலூனுக்கு இது பொருட்டல்ல. அரை மில்லிமீட்டர் புள்ளிக்கு இதுதான் எமன்.

உதையை அடக்கிய மூன்று வழிகள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் ஆயுதத் தயாரிப்புக்குத் தடை இருந்தது. தடை தளர்ந்தபோது முதலில் திரும்பி வந்தவற்றில் ஏர் ரைஃபிளும் ஒன்று. ஊருக்கு ஊர் சுடுதல் சங்கம் வைத்திருக்கும் நாடு அது. உள்ளரங்கில் பத்து மீட்டர் இடம் போதும் என்ற வசதியும் சேர்ந்துகொண்டது. அந்தச் சந்தைக்காக மூன்று நிறுவனங்கள் ஒரே சிக்கலை மூன்று விதமாகத் தீர்த்தன.

ராஷ்டாட் நகரில் 1890 முதல் இயங்கிவந்த டயானா நிறுவனம், கிஸ் என்ற பொறியாளரின் பெயரால் அறியப்படும் இரட்டைப் பிஸ்டன் முறையைக் கையாண்டது. முன் பிஸ்டன் காற்றைச் சுருக்கப் பாயும்போது, பல்சக்கரத்தால் அதனுடன் இணைக்கப்பட்ட இன்னொரு பிஸ்டன் அதே வேகத்தில் பின்னால் போகும். இரண்டு உதையும் ஒன்றையொன்று தின்றுவிடும். டயானா 60, 66, 75 ஆகியவை இவ்வகை. அன்சூட்ஸ் நிறுவனத்தின் 250 மாடல், எண்ணெயை வைத்து உதையை உறிஞ்சியது.

மூன்றாவது வழிதான் பெரும்புகழ் பெற்றது. நெக்கார் நதிக்கரையில் உள்ள ஓபர்ன்டார்ஃப், மவுசர் துப்பாக்கித் தொழிற்சாலையின் ஊர். போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலை கலைக்கப்பட்டது. அங்கே வேலை பார்த்த கார்ல் வெஸ்டிங்கரும் எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்கரும் ஃபைன்வெர்க்பாவ் என்ற சிறு பட்டறையைத் தொடங்கினார்கள். அவர்கள் உதையைத் தடுக்க முயலவில்லை, அதற்கு வழிவிட்டார்கள். குழல், சிலிண்டர், குறிபார்க்கும் கருவி எல்லாம் சேர்ந்த இரும்புப் பகுதி முழுவதையும் மரக்கட்டையின் மேல் சிறு தண்டவாளத்தில் உட்கார வைத்தார்கள். விசையை அழுத்தியதும் பிஸ்டனோடு சேர்த்து இந்தப் பகுதியும் விடுபடும். உதை வந்ததும் இரும்பு சில மில்லிமீட்டர் பின்னால் சறுக்கும். தோளில் சாய்ந்திருக்கும் கட்டை அசையாது. அடுத்த முறை நெம்புகோலை இழுக்கும்போது இரும்பு தன் இடத்துக்குத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். 1960-களில் வந்த 150 மாடலும், 1970-களின் தொடக்கத்தில் வந்து இருபது ஆண்டுக்கு மேல் தயாரிப்பில் இருந்த 300 எஸ் மாடலும் இந்த ஏற்பாட்டின் குழந்தைகள். 300 எஸ்ஸின் உள்ளே ஒரே நீள ஸ்பிரிங்குக்குப் பதிலாக எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்ட இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கும். ஸ்பிரிங் விரியும்போது ஏற்படும் முறுக்கலைக்கூட விட்டுவைக்கவில்லை.

இவை அரங்கை விட்டுப் போனதற்குக் காரணம் தேய்மானம் அல்ல. 1974-இல் வால்தர் நிறுவனம் எல்ஜிஆர் மாடலைக் கொண்டுவந்தது. அதில் பாயும் பிஸ்டனே கிடையாது. நெம்புகோலை ஒரு முறை அழுத்தினால் காற்று முன்கூட்டியே அடைபட்டுவிடும். விசை ஒரு வால்வை மட்டும் திறக்கும். ஏர் ரைஃபிள் ஒலிம்பிக்கில் நுழைந்த 1984-ஆம் ஆண்டு ஃபைன்வெர்க்பாவும் 600 மாடலுடன் அந்தப் பக்கம் வந்துவிட்டது. பின்னர் உயர் அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டர்கள் வந்தன. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காலத்தில் போட்டி அரங்கம் முழுவதும் அவைதான். அந்தச் சிலிண்டருக்குக் காலாவதித் தேதி உண்டு. பத்தாண்டு கடந்தால் சர்வதேசப் போட்டியில் அனுமதியில்லை. 300 எஸ்ஸில் காலாவதியாக எதுவும் இல்லை, ஒரு சில வளையங்களைத் தவிர.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் குறிபார்க்கும் கருவி. டயாப்டர் என்று சொல்லப்படும் பின்பக்கக் கருவி கழற்றி மாட்டக்கூடியது. ஆகவே தனியாக விற்கவும் கூடியது. டயாப்டர் இல்லாத துப்பாக்கி மலிவாகக் கிடைத்தால் அது லாபம் இல்லை. கருவியைத் தேடி வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் போய்விடும். இருந்தால், இரண்டு திருகுகளையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சொடுக்கும் கையில் தெளிவாகத் தெரிய வேண்டும். முன்பக்கக் கூண்டில் செருகும் வளையத் தகடுகளும் உடன் வருகின்றனவா என்று கேளுங்கள்.

அடுத்து மரக்கட்டை. போட்டித் துப்பாக்கியின் கட்டை வலக்கைக்காரருக்கு ஒரு மாதிரி, இடக்கைக்காரருக்கு ஒரு மாதிரி செதுக்கப்பட்டிருக்கும். தவறான பக்கத்தை வாங்கினால் கன்னம் படியாது. திருகுத் துளைகளைச் சுற்றியும் கைப்பிடியின் கழுத்திலும் விரிசல் இருக்கிறதா பாருங்கள். எடை ஏறத்தாழ ஐந்து கிலோ என்பதையும் மறக்க வேண்டாம். இளையவர்களுக்கு வாங்குவதாக இருந்தால் தூக்கி நிற்க வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, திருகுகளின் தலை. வரிப்பள்ளம் சிதைந்திருந்தால் சரியான ஸ்குரூடிரைவர் இல்லாத யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். வெளியே பளபளப்பு குறைந்து திருகுகள் கன்னி கழியாமல் இருக்கும் துப்பாக்கி, வெளியே மெருகேற்றித் திருகுகள் சிதைந்த துப்பாக்கியைவிட மேல்.

நான்காவது, சுட்டுப் பார்ப்பது. ஃபைன்வெர்க்பாவாக இருந்தால், குண்டு போட்டுச் சுட்டதும் சறுக்குப் பகுதி பின்னால் போயிருக்க வேண்டும். நெம்புகோலை இழுத்ததும் முன்னால் வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். தோளில் உதை தெரிந்தால் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். சத்தம் தகரத்தில் அடித்ததுபோல் கடூரமாக இருந்தாலோ, குண்டு போடும் இடத்தில் பழுப்பு நிறத் தூள் தட்டுப்பட்டாலோ, உள்ளே இருக்கும் ரப்பர் பாகம் நொறுங்கிக்கொண்டிருக்கிறது. வேகமானியில் வைத்துப் பார்க்க வசதியிருந்தால் இன்னும் நல்லது. ஜெர்மனியின் 7.5 ஜூல் வரம்புக்கு உட்பட்ட துப்பாக்கி அரை கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் அனுப்பும். வேகம் குறைவாக இருப்பதைவிட, குண்டுக்குக் குண்டு வேறுபடுவதே கவலைக்குரியது.

ரப்பர் நொறுங்கியிருந்தால் வாங்கக் கூடாது என்பதில்லை. விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம். 300 எஸ்ஸின் பிஸ்டனில் காற்றை அடைத்து நிற்பது உலோக வளையம், அது நீடிக்கும். மாற்ற வேண்டியவை அதிர்வைத் தாங்கும் மெத்தை வளையமும் குண்டு போடும் இடத்தில் உள்ள சீலும். டயானாவில் கதை வேறு. இரண்டு பிஸ்டனின் சீலும் செயற்கைப் பொருள். பெட்டிக்குள் கிடந்தே பொடியாகிவிடும். மாற்றிய பிறகு பல்சக்கரத்தைச் சரியான பல்லில் கோக்காவிட்டால் இரண்டு பிஸ்டனும் ஒத்துப்போகாது. அதனால் டயானா 75 வாங்குபவர், சீல் எப்போது மாற்றப்பட்டது, யார் மாற்றினார்கள் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து பொறித்த, 7.5 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளைப் பதினெட்டு வயதானவர் உரிமமின்றி வாங்கலாம். பிரிட்டனில் வரம்பு 12 அடி-பவுண்டு. ஸ்காட்லாந்தில் ஏர் ரைஃபிளுக்கும் உரிமம் தேவை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 4.5 மில்லிமீட்டர் குழலையும் 20 ஜூல் ஆற்றலையும் எல்லைக்கோடாக வைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து தருவிப்பது தனி விவகாரம். பணம் கொடுப்பதற்கு முன் உள்ளூர் சுடுதல் சங்கத்தில் விசாரித்துவிடுவது உத்தமம்.

வைத்துக் காப்பது

இந்தத் துப்பாக்கிகளைக் கெடுப்பது பெரும்பாலும் அளவுக்கு மீறிய அக்கறை. முதல் பாவம் எண்ணெய். சிலிண்டருக்குள் சாதாரண மெஷின் ஆயில் போனால், சுருங்கிய காற்றின் வெப்பத்தில் டீசல் எஞ்சினில் நடப்பதே நடக்கும்: ஆயில் வெடித்து எரியும். வேகம் தாறுமாறாகும், சீல் கருகும், ஸ்பிரிங் உடையவும் கூடும். துளை கண்ட இடத்தில் எல்லாம் சொட்டு விடும் பழக்கம் கூடாது. ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன் உரசும் பரப்புக்கும் மாலிப்டினம் கலந்த பசை மெல்லியதாக இருந்தால் போதும். அதுவும் திறந்து வேலை பார்க்கும்போதுதான். தண்டவாளத்துக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

இரண்டாவது பாவம் வெறுமனே சுடுவது. குண்டு இல்லாவிட்டால் பிஸ்டனைத் தடுக்கும் காற்று மெத்தை குழல் வழியே ஓடிவிடும். பிஸ்டன் சிலிண்டரின் முனையில் நேராகப் போய் மோதும். கடையில் எடுத்துப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் காரியம் இதுதான். அதுபோல், ஸ்பிரிங்கை இழுத்து வைத்தபடி நெடுநேரம் விட்டுவிடுவதும் நல்லதல்ல.

குழலை அடிக்கடி துடைக்கத் தேவையில்லை. ஈயம் மிருதுவானது; எஃகைத் தேய்க்காது. குழலுக்குள் கம்பித் தூரிகை போவதுதான் ஆபத்து. குறி சிதறத் தொடங்கினால் ஃபெல்ட் துண்டை உள்ளே செலுத்தித் துடைத்தால் போதும். அதற்குப் பின் சில குண்டுகள் சுட்டால்தான் குழல் மறுபடி நிதானத்துக்கு வரும். குண்டைப் பொறுத்தவரை, தாளில் வட்டமாக ஓட்டை போடும் தட்டை முகக் குண்டுதான் இதற்குரியது. அதிலும் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று பல அளவுகளில் விற்கும். எந்த அளவு உங்கள் குழலுக்கு ஒத்துவரும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

ஸ்பிரிங் இருக்கும் பகுதியை மட்டும் விளையாட்டாகத் திறக்க வேண்டாம். முழுவதும் தளர்ந்த நிலையிலும் அது அழுத்தத்தில்தான் இருக்கும். அதற்கான பிடிப்புக் கருவி இல்லாமல் கழற்றினால் முகத்தில் பாயும். குண்டு போடக் கைவைத்திருக்கும்போது நெம்புகோலை இன்னொரு கையால் பிடித்தே இருப்பது இவ்வகை எல்லாத் துப்பாக்கிக்கும் பொது விதி. இடையில் தடுப்புக் கொக்கி இருந்தாலும், ஐம்பது வயதான கொக்கியை நம்பி விரலைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

மற்றபடி வேலை குறைவு. சுட்டு முடித்ததும் கையின் வியர்வை பட்ட இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்று புகாத உறையில் அடைக்காமல் உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும். மெத்தை வளையமும் சீலும் இப்போதும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. அவற்றை மாற்றிய தேதியை ஒரு தாளில் எழுதித் துப்பாக்கியோடு வைத்துவிடுங்கள். அடுத்து வாங்குபவர் தயாரிப்பு ஆண்டைவிட அந்தத் தேதியைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.