தொப்பியில் ஒரு தோல் வில்லை

விருதுநகர், சிவகாசி வட்டாரச் சாலையோரங்களில் மஞ்சள் பூக்களுடன் நிற்கும் ஆவாரைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பட்டையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்துள்ளது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு ஆகிய ஊர்களில் நெடுங்காலமாகத் தோலைப் பதனிட உதவியது இந்தப் பட்டைதான். அப்படிப் பதனிட்ட தோல் துண்டில் நம் பெயரின் முதலெழுத்தைப் பதித்து, வெயிலுக்கு அணியும் துணித் தொப்பியில் தைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாத் தோலிலும் எழுத்து நிலைக்காது. ஏன்?

தோலுக்குள்ளே

தோல் என்பது கொல்லாஜன் என்ற புரத இழைகள் பின்னிய வலை. பச்சைத் தோல் அழுகிவிடும். டானின் இந்த இழைகளோடு பிணைந்து அழுகலைத் தடுக்கிறது. டானினால் பதனிட்ட தோலை ஈரமாக்கினால் நீர் இழைகளுக்கிடையே புகுந்து அவற்றை இளக்குகிறது. அப்போது அழுத்தினால் இழைகள் இடம் மாறி நெருங்கும். உலர்ந்ததும் அந்த நிலையிலேயே இறுகிவிடும். குரோமிய உப்புகளால் பதனிட்ட தோலோ மென்மையானது. அழுத்தத்தை எடுத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கே மீளும்.

எந்தத் தோல் இது?

செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் கழிவுத் துண்டிலிருந்து சிறு கீற்றை வெட்டிக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க, கொதிநீரில் 1 நிமிடம் இடுங்கள். சுருங்கிச் சுருண்டால் அது தாவரப் பதனீட்டுத் தோல். நன்கு குரோமியப் பதனீடு செய்த தோல் பெரிதும் மாறாது. தோலை எரித்துச் சோதிக்க வேண்டாம். எரிக்கும்போது குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். பட்டாசு ஊர்க்காரர்களுக்குத் தீயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா?

செய்முறை

1. சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள தோலில் 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். மூலைகளை வளைவாக்குங்கள்.
2. வழவழப்பான பக்கத்தை ஈரப் பஞ்சால் நனையுங்கள். பழைய நிறம் திரும்பத் தொடங்கும்வரை பொறுங்கள்.
3. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் எழுத்தை அழுத்தி வரையுங்கள்.
4. ஒரு செம்பின் மேல் வளைத்துக் கட்டி, நிழலில் உலர்த்துங்கள். தொப்பியின் வளைவு அதற்கு வந்துவிடும்.
5. ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே, 4 மி.மீ.க்கு ஒன்றாகக் குத்தூசியால் துளையிட்டுத் தையுங்கள். துளைகள் மிக நெருங்கினால், தபால்தலை போல அந்த வரிசையில் கிழிந்துவிடும்.

கவனம்

ஈரத்தோடு தைத்தால் டானின் துணியில் கறை படியச் செய்யும். ஈரத் தோலில் இரும்பு பட்டால் கருங்கறை தோன்றும். டானினும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. அழகுக்கு ஆணி அடிப்பதானால் பித்தளை ஆணியே நல்லது. தொப்பியை வெந்நீரில் துவைக்காதீர்கள். காரணம், நீங்கள் முதலில் செய்த சோதனையிலேயே இருக்கிறது. சொல்லுங்கள் பார்ப்போம்!